ஏ1, பி2, சி1: ஒரு மொழி எவ்வளவு வரும் என்று எப்படி அளக்கிறார்கள்?

வேலைக்கான விண்ணப்பப் படிவங்களில் 'தெரிந்த மொழிகள்' என்று ஓர் அட்டவணை இருக்கும். ஒவ்வொரு மொழிக்கும் நேராகப் படிக்க, எழுத, பேச என்று மூன்று சின்னக் கட்டங்கள். தமிழுக்கு மூன்றிலும் டிக் போட்டுவிடுவோம். ஆங்கிலத்துக்கும், கொஞ்சம் தயங்கினாலும், மூன்றிலும் டிக். ஹிந்தியில்தான் பேனா நிற்கும். பள்ளி நாட்களில் பிராத்மிக், மத்யமா என்று சபா பரீட்சைகள் எழுதியவர்களுக்கு வாசிக்க வரும், ஆட்டோக்காரரிடம் வழி கேட்க வராது. மும்பையில் சில வருடங்கள் வேலை பார்த்தவர்களுக்குப் பேரம் பேசும் அளவுக்குப் பேச்சு வரும், கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராது. மலையாளம் இன்னும் சிக்கல். படம் பார்த்தே பாதிக்கு மேல் புரியும். ஆனால் கேட்டுப் புரிந்துகொள்வதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

அந்தப் படிவத்தை வடிவமைத்தவர் யாரோ, பாதி தூரம் சரியாகத்தான் யோசித்திருக்கிறார். படிப்பது வேறு, பேசுவது வேறு என்று பிரித்துவிட்டார். ஒவ்வொன்றும் எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்கவில்லை. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அப்படித்தான். தாய்மொழி போக இன்னும் இரண்டு மொழிகள் வரை குறித்துக்கொள்வார்கள். புரிந்து பேச முடிந்தால் போதும், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியர்களில் சுமார் 26 சதவீதம் பேர் இருமொழி பேசுபவர்கள். சந்தையில் விலை கேட்கும் அளவுக்குத் தெரிந்தவரும் அதில் இருப்பார், நீதிமன்றத்தில் வாதாடக்கூடியவரும் இருப்பார். இருவருக்கும் ஒரே கணக்கு.

நாட்டுக்குள் இது போதும். வெளிநாட்டுக்குப் போகிறவர்களிடம் விசா அலுவலகம் அப்படி விட்டுவிடாது. ஜெர்மனிக்குச் செவிலியர் வேலைக்குப் போக நினைப்பவரிடம் "பி2 முடிச்சாச்சா?" என்று கேட்கிறார்கள். கல்யாணம் முடிந்து ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் கணவரிடம் போகிற பெண்ணிடம் ஏ1 சான்றிதழ் கேட்கிறார்கள். இந்த எழுத்தும் எண்ணும் எங்கிருந்து வந்தன, எதைக் குறிக்கின்றன என்பது கோச்சிங் சென்டர் விளம்பரங்களில் சரியாக வருவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எங்கிருந்து வந்தது?

ஸ்ட்ராஸ்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய கவுன்சில் என்ற அமைப்பு 2001இல் ஓர் ஆவணம் வெளியிட்டது. மொழிகளுக்கான பொது ஐரோப்பியச் சட்டகம் என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து சி.இ.எஃப்.ஆர். என்பார்கள். (ஐரோப்பிய கவுன்சிலும் ஐரோப்பிய யூனியனும் ஒன்றல்ல. பத்திரிகைகளிலேயே இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.) ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஆறு நிலைகளும் இந்த ஆவணத்தில் இருந்து வந்தவைதான்.

யோசனை அதற்கும் முந்தையது. அதே கவுன்சில் 1975இல் ஆங்கிலத்துக்கு 'வாசல் நிலை' என்று ஒன்றை வகுத்தது. அதுவரை மொழிப் பாடம் என்றால் முதல் பாடம் பெயர்ச்சொல், இரண்டாம் பாடம் வினைச்சொல், அப்புறம் காலங்கள் என்று இலக்கண வரிசையில்தான் போகும். இவர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். வேறொரு நாட்டில் போய் இறங்கும் ஒருவர் அங்கே தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள என்னென்ன செய்யத் தெரிய வேண்டும்? வழி கேட்க, மன்னிப்புக் கேட்க, மறுக்க, டாக்டரிடம் வலியைச் சொல்ல. அந்தப் பட்டியலில் இருந்து பாடத்திட்டத்துக்கு வந்தார்கள். இன்று பி1 என்று நாம் சொல்வது அந்த வாசல் நிலையின் வாரிசு.

1990களில் சுவிட்சர்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்றில் "இதை இவரால் செய்ய முடியும்" என்ற மாதிரி வாக்கியங்களை நிறைய ஆசிரியர்களிடம் கொடுத்து, எது எளிது, எது கடினம் என்று வரிசைப்படுத்தினார்கள். ஆசிரியர்கள் தங்கள் உண்மையான மாணவர்களை மனதில் வைத்து மதிப்பிட்டார்கள், அதைப் புள்ளியியல் முறையில் அளவுகோலாக மாற்றினார்கள். நாலு பேராசிரியர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது இல்லை என்பதால் எனக்கு இந்த அளவுகோல் மேல் கொஞ்சம் மரியாதை உண்டு.

ஆறு நிலைகள், ஒரு மருத்துவமனை

ஏ என்றால் அடிப்படைப் பயனர், பி என்றால் சுயமாகச் சமாளிப்பவர், சி என்றால் தேர்ந்தவர். ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்தால் ஆறு. இப்படிச் சொன்னால் மனதில் நிற்காது. நாகர்கோவிலில் இருந்து ஜெர்மனிக்குப் போகும் ஒரு செவிலியரைக் கற்பனை செய்துகொள்வோம்.

ஏ1 நிலையில் அவர் தன் பெயர், ஊர், வேலை, குடும்பம் பற்றிச் சொல்வார். நோயாளியிடம் "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்பார். எதிரில் இருப்பவர் மெதுவாக, தெளிவாக, உதவி செய்யும் மனதோடு பேசினால்தான் இதுவும் நடக்கும். ஏ1 பற்றிய விவரிப்பில் இந்த நிபந்தனை சேர்ந்தே இருக்கிறது, நாம்தான் அதைக் கவனிப்பதில்லை. ஏ2 வந்தால் கடையில் சாமான் வாங்குவது, பேருந்து நேரம் விசாரிப்பது, வார்டில் தினமும் ஒரே மாதிரி வரும் உரையாடல்கள் ஆகியவை ஓடும். பழகிய தடத்தை விட்டு நோயாளி வேறு ஏதாவது பேசிவிட்டால் முழிக்க வேண்டியதுதான்.

பி1 என்பது பெரிய மாற்றம். இரவு முழுக்கத் தூங்கவில்லை, இடது கால் மரத்துப்போகிறது, மாத்திரை போட்டதும் குமட்டுகிறது என்று ஒரு பாட்டி சொன்னால் புரியும். புரியாத இடத்தில் திரும்பக் கேட்டு, வேறு வார்த்தையில் சுற்றி வளைத்தாவது சொல்லி முடிக்க வரும். நடந்ததைக் கதையாகச் சொல்ல முடியும், ஒரு கருத்துக்குச் சுருக்கமாகக் காரணம் சொல்ல முடியும். தப்பு வரும், ஆனாலும் காரியம் நடக்கும். ஜெர்மன் குடியுரிமைக்குக் கேட்கும் மொழி நிலையும் இதுதான்.

பி2வில் ஷிஃப்ட் மாறும்போது அடுத்த செவிலியரிடம் பத்து நோயாளிகளின் நிலையை ஒப்படைக்கலாம். கோபமாகப் போன் செய்யும் மகளுக்கு அப்பாவின் அறுவை சிகிச்சை ஏன் தள்ளிப்போனது என்று விளக்கலாம். பி2 பற்றிய விவரிப்பில் எனக்குப் பிடித்த அம்சம், இரு தரப்புக்கும் சிரமம் இல்லாமல் பேச்சு ஓட வேண்டும் என்பது. பி1 வரை எதிரில் இருப்பவர் கொஞ்சம் பொறுமை காட்ட வேண்டியிருக்கிறது. பி2வில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்கத் தேவையில்லை. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட வேலையில் இது நியாயமான எதிர்பார்ப்புதான். அதனால்தான் செவிலியர் படிப்பை முழுமையாக அங்கீகரிக்கப் பெரும்பாலான ஜெர்மன் மாநிலங்கள் பி2 கேட்கின்றன. டாக்டர்களுக்கு இன்னும் ஒரு படி மேல். பொது மொழியில் பி2வோடு, மருத்துவ மொழிக்கென்று சி1 அளவில் தனித் தேர்வு உண்டு.

சி1, சி2 பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சி1 என்றால் வெளிப்படையாகச் சொல்லாத உட்பொருளையும் பிடிப்பது, பல்கலைக்கழகக் கட்டுரை எழுதுவது. ஜெர்மன் வழியில் பட்டப் படிப்பு சேரப் பொதுவாக இந்த அளவு வேண்டும். சி2 உச்சம். ஆனால் சி2 என்றால் அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி என்று அர்த்தம் இல்லை, ஆவணமே இதைத் தெளிவாகச் சொல்கிறது. தாய்மொழிக்காரர்களிலேயே சி2 எழுத்துத் தேர்வில் திணறக்கூடியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். தமிழிலும் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. இந்தச் சட்டகம் எந்த ஒரு மொழிக்கும் உரியது இல்லை. "நான்காம் வேற்றுமை ஏ2வில் வரும்" என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. எந்த இலக்கணம், எத்தனை சொற்கள் என்பதை ஒவ்வொரு மொழிக்காரர்களும் தனியாக வகுத்துக்கொள்கிறார்கள். ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே நிறுவனம் வெளியிட்டுள்ள சொல் பட்டியல்களில் ஏ1க்குச் சுமார் 650, ஏ2வுக்குச் சுமார் 1,300, பி1க்குச் சுமார் 2,400 சொற்கள் இருக்கின்றன. பட்டியலை மனப்பாடம் செய்தால் நிலை வந்துவிடும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

ஒரே ஆளுக்கு நாலு நிலை

சரி, அந்த விண்ணப்பப் படிவத்துக்குத் திரும்பி வருவோம். படிக்க, எழுத, பேச என்று கட்டம் பிரித்தது சரி என்று சொன்னேன் இல்லையா? சட்டகமும் அதைத்தான் சொல்கிறது. கேட்டல், படித்தல், பேசுதல், எழுதுதல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிலை உண்டு. ஒருவர் கேட்பதில் பி2, பேசுவதில் பி1, எழுதுவதில் ஏ2 என்று இருப்பது முற்றிலும் இயல்பு. நம்மில் பலருக்கு ஆங்கிலமே அப்படித்தான். ஆபீஸ் மெயில் பி2வில் எழுதுவோம், அமெரிக்கக் கஸ்டமர் போனில் வேகமாகப் பேசினால் காது பி1க்கு இறங்கிவிடும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட நாடு சுவிட்சர்லாந்து. அங்கே குடியுரிமைக்குக் குறைந்தபட்சம் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2 என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பதற்கான 'சி' அனுமதிக்கு (இந்த 'சி' அனுமதியின் பெயர், மொழி நிலை இல்லை) பேச்சில் ஏ2, எழுத்தில் ஏ1. ஈழத்தில் இருந்து போய் உணவகங்களிலும் முதியோர் இல்லங்களிலும் பல வருடம் உழைத்தவர்களுக்கு இந்தப் பிரிப்பு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. பேச்சு ஓடும், கடிதம் எழுதச் சொன்னால்தான் கை நடுங்கும். (சூரிச் தெருவில் பேசுவது சுவிஸ் ஜெர்மன், பரீட்சையில் எழுதுவது பொது ஜெர்மன். அது இன்னொரு தலைவலி.)

தேர்வுகள் எல்லாம் இப்படி நடந்துகொள்வதில்லை. பிரெஞ்சு மொழிக்கான டெல்ஃப் தேர்வில் நான்கு திறனுக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் பாஸ், ஒவ்வொன்றிலும் குறைந்தது 5 இருந்தால் போதும். ஆக, பேச்சில் 6 வாங்கிவிட்டு மற்றதில் ஈடுகட்டிய ஒருவரும் பி2 சான்றிதழ் வைத்திருக்கலாம். கோத்தேயின் பி1, பி2 தேர்வுகள் வேறு மாதிரி. நான்கு திறனும் நான்கு தனிப் பகுதிகள், ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுக்க வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். கஷ்டமாகத் தெரிந்தாலும் என் பார்வையில் இதுதான் நேர்மையான முறை. சான்றிதழைப் பார்ப்பவருக்கு எது வரும், எது வராது என்று தெரிந்துவிடுகிறது.

ஜப்பானியத்துக்கு ஜே.எல்.பி.டி. என்ற தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும். சென்னையிலும் நடக்கிறது. என்5 கீழே, என்1 மேலே. முன்பு நான்கு நிலைகள்தான் இருந்தன, 2010இல் ஐந்தாக்கினார்கள். இதில் பேச்சுத் தேர்வும் இல்லை, எழுத்துத் தேர்வும் இல்லை. முழுக்கப் படிப்பதும் கேட்பதும், விடையைத் தேர்ந்தெடுப்பதும்தான். என்2 வாங்கியவர் டோக்கியோவில் இறங்கி வாயே திறக்க முடியாமல் நிற்பது அதிசயம் இல்லை. சான்றிதழ் பொய் சொல்லவில்லை, அது அளக்காத ஒன்றை நாம் அதனிடம் எதிர்பார்த்துவிட்டோம். ஆங்கிலத்துக்கான ஐ.இ.எல்.டி.எஸ். நான்கு திறனுக்கும் தனித்தனியாக 9 வரை மதிப்பெண் தருகிறது. நான்கின் சராசரி 5.5 முதல் 6.5 வரை வந்தால் தோராயமாக பி2, 7 தொட்டால் சி1.

படிகள் ஒரே உயரத்தில் இல்லை

ஏ1 மூன்று மாதத்தில் முடிந்தது, எனவே பி2 ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போடுபவர்கள் அதிகம். இது தப்பு என்பதைச் சட்டகமே எச்சரிக்கிறது. அளவுகோலில் கோடுகள் சம தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தாலும், மேலே போகப் போகப் பரப்பு விரிந்துகொண்டே போகிறது, ஐஸ்கிரீம் கோன் மாதிரி என்று அந்த ஆவணத்திலேயே இருக்கிறது. ஏ2வில் இருந்து பி1க்கு ஆன காலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பி1இல் இருந்து பி2வுக்கு ஆவது பலருக்கும் நேர்வது என்றும் சொல்கிறது.

ஆங்கிலத்துக்கு கேம்பிரிட்ஜ் தேர்வுக்குழு தரும் தோராயக் கணக்கு: ஆரம்பத்தில் இருந்து ஏ2 வரை 180 முதல் 200 மணி நேர வகுப்பு, பி1 வரை 350 முதல் 400, பி2 வரை 500 முதல் 600, சி1 வரை 700 முதல் 800. ஜெர்மனுக்கும் இதைவிடக் குறைவாக எதிர்பார்க்க நியாயம் இல்லை. இப்போது '90 நாளில் பி2' என்று சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு விடுமுறைகூட இல்லாமல் தினம் ஆறு மணி நேரம் வகுப்பு, வீட்டுப் படிப்பு தனி. வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்ய முடியுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பெரும்பாலானவர்கள் பி1இல்தான் மாட்டிக்கொள்வார்கள். காரணம் சோம்பல் இல்லை. அதுவரை பாடப்புத்தகம் கைபிடித்து அழைத்துப் போகும், கற்ற ஒவ்வொரு வாக்கியமும் உடனே பயன்படும். அதற்கு மேல் வேண்டிய சொற்கள் எங்கோ ஒரு முறை, இன்னொரு மாதத்தில் ஒரு முறை என்று சிதறிக் கிடப்பவை. செய்தி, தொடர், பாட்காஸ்ட் என்று அள்ளி அள்ளிக் கேட்டுப் படித்தால்தான் ஒட்டும். வகுப்பு மட்டும் போதாத கட்டம் இது.

எந்த மொழி கடினம் என்பதும் யார் கற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆங்கிலம் பேசும் அமெரிக்கத் தூதரக அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் நிறுவனம், தமிழைக் கற்க 44 வாரம், சுமார் 1,100 மணி நேரம் என்கிறது. ஜப்பானியத்துக்கும் கொரியனுக்கும் அதன் இரண்டு மடங்கு. ஆனால் நமக்கு வினைச்சொல் கடைசியில் வருவதும், 'வீட்டில்', 'வீட்டுக்கு' என்று ஒட்டு பின்னால் சேர்வதும் புதிதே இல்லை. ஜப்பானிய வாக்கிய அமைப்பு பிடிபட ஆங்கிலேயர் படும் பாடு தமிழருக்கு இல்லை. சீனத்தில் இருந்து ஜப்பானியத்துக்கு வந்த 'காஞ்சி' எழுத்துகளுக்கு முன்னால் மட்டும் எல்லோரும் சமம்.

நம் வீட்டுப் பிள்ளைகளின் தமிழ்

இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழையும் பார்க்கலாம். டொராண்டோவிலோ பாரிஸிலோ பிறந்த பிள்ளை பாட்டி பேசுவதை முழுக்கப் புரிந்துகொள்ளும், பதிலைப் பாதி ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சொல்லும், தமிழ் எழுத்தே தெரியாது. "அவனுக்குத் தமிழ் வராது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். உண்மையில் கேட்பதில் பி1 இருக்கலாம், பேசுவதில் ஏ2, படிப்பதில் ஏ1க்கும் கீழே. 2020இல் சட்டகத்தைப் புதுப்பித்தபோது 'ஏ1க்கு முந்தைய நிலை' என்று ஒன்றையும் சேர்த்தார்கள், அது இந்த மாதிரி இடத்துக்குப் பொருந்தும். இந்தப் பிள்ளையை அ, ஆ தெரியாத வேற்று நாட்டுக்காரரோடு ஒரே வகுப்பில் உட்கார வைத்து "இது என்ன? இது மரம்" என்று ஆரம்பித்தால் சலிப்பு வரத்தானே செய்யும்?

தமிழில் இன்னொரு கூடுதல் சிக்கல், பேச்சு ஒரு மாதிரியும் எழுத்து வேறு மாதிரியும் இருப்பது. 'வந்துட்டாங்க' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 'வந்துவிட்டார்கள்' என்பது கிட்டத்தட்டப் புது வடிவம். பேச்சு நிலையை வைத்து வாசிப்புப் பாடத்தைத் தொடங்க முடியாது. வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளிகள் வயதை வைத்து வகுப்பு பிரிப்பதற்குப் பதில் திறனை வைத்துப் பிரித்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை. ஆசிரியர் கிடைப்பதே பெரும்பாடு என்ற நிலையில் அது லேசான காரியம் இல்லை என்பதும் தெரியும்.

தொடங்குவதற்கு முன்

புதிதாக ஒரு மொழி படிக்கப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பது. ஒரு வாரம் பாரிஸ் சுற்றிப் பார்க்க ஏ1 தாராளம். ஜப்பானின் குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவுக்குப் பொதுவாக என்4 அல்லது அதற்கு இணையான ஏ2 தேர்வு போதும். பிரான்ஸில் குடியுரிமை வாங்க முன்பு பி1 போதுமாக இருந்தது, 2026 ஜனவரி முதல் பி2 ஆக்கிவிட்டார்கள். ஜெர்மனியில் துணைவருக்கான ஏ1 விதி 2007இல் வந்தது, ப்ளூ கார்டு (உயர் தகுதி வேலைக்கு வரும் வெளிநாட்டவருக்கான அனுமதி) வைத்திருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கு அதில் விலக்கு உண்டு. இந்த விலக்கு தெரியாமல் பணம் கட்டி வகுப்பில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். மொழி கற்றது வீணாகாது, அவசர அவசரமாகப் பரீட்சை எழுதத்தான் தேவையிருக்காது.

பயிற்சி நிலையத்தில் சேரும்போது எந்த நிலை வரை சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதோடு, மொத்தம் எத்தனை மணி நேரம், ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஒவ்வொருவரும் வாய் திறந்து பேச நேரம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். 'ஏ1 முடித்தவர்' என்று அவர்களே அடித்துத் தரும் தாளை விசாவுக்கு ஏற்க மாட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட தேர்வு அமைப்பின் சான்றிதழ்தான் வேண்டும். ஜெர்மனுக்குச் சென்னை மாக்ஸ் முல்லர் பவன் (கோத்தே நிறுவனத்துக்கு இந்தியாவில் இந்தப் பெயர்), பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ் போன்றவை.

எப்போது எழுதுவது என்பதையும் யோசித்து வையுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். முடிவு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். டெல்ஃப் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். கோத்தே சான்றிதழுக்குக் காலாவதித் தேதி கிடையாது, ஆனால் அதைக் கேட்கும் அலுவலகங்கள் பல சமயம் ஓரிரு வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்கின்றன. வேலை உறுதியாவதற்கு வெகு முன்பே பி1 எழுதி வைத்துக்கொண்டால் திரும்பவும் கட்டணம் கட்ட வேண்டி வரலாம்.